'லேர்' வந்தால் எந்தச் சொல்? குகை முதல் கிடை வரை ஓர் ஒப்பீடு

விலங்கு தங்கும் இடத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள சொற்களில் 'லேர்' (lair) ஒன்று. காட்டுயிர்க் கட்டுரையில் வரும், சிறுவர் கதையில் வரும். திரைப்பட வசன வரியிலும் கணினி விளையாட்டிலும் ஸ்காட்லாந்து நகர நிர்வாகத்தின் படிவத்திலும் இந்திய அரசின் இறைச்சிக்கூட விதிகளிலும்கூட வரும். எங்கே வந்தாலும் தமிழில் பெயர்ப்பவரின் கை முதலில் எட்டுவது 'குகை'. சில இடங்களில் அது சரியான சொல்தான். பல இடங்களில், மூலத்தில் இல்லாத மலையையும் பாறையையும் வாசகர் மனத்தில் எழுப்பிவிடுகிறது. நம்மிடம் இருக்கும் மற்ற சொற்களையும் அருகில் வைத்துப் பார்த்தால்தான் தீர்மானிக்க முடியும்.

பழைய ஆங்கிலத்தில் 'லெகர்' என்றால் படுக்கை. நோயாளி கிடக்கும் படுக்கையும் அதுதான், இறந்தவர் கிடக்கும் குழியும் அதுதான். 'கிட' என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்த பெயர் அது. விலங்கின் இருப்பிடம் என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. அதே வேரிலிருந்து வந்த ஜெர்மன் 'லாகர்' முகாமையும் கிடங்கையும் குறிக்கிறது. டச்சு மொழியில் அதன் உறவுச்சொல் இன்று ராணுவத்துக்கே பெயராகிவிட்டது. ஆகவே லேர் என்பதற்குத் துளையோ குழியோ கூரையோ கட்டாயமில்லை. ஓர் உயிர் உடம்பைக் கிடத்தும் இடம் என்பதே அதன் உள்ளீடு. தவறான பெயர்ப்புகளில் பெரும்பாலானவை இதைக் கவனிக்காமல், துளையைத் தேடிப் போவதால் வருபவை.

விலங்கைப் பார்த்த பிறகே சொல்

காட்டுயிர் எழுத்தில் முதலில் கேட்க வேண்டியது, அந்த விலங்கு தோண்டுமா, தோண்டாதா? தோண்டாது என்றால், ஏற்கெனவே இருக்கும் பாறை இடுக்கில் தங்குமா, வெட்டவெளியில் புல்லை அமுக்கிப் படுக்குமா? இதற்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

புலிக்கு நிலையான வீடு கிடையாது. தன் எல்லைக்குள் அலைந்து, நிழலும் தண்ணீரும் உள்ள இடத்தில் படுத்து எழுந்து போகும். குட்டி ஈன்ற பெண்புலி மட்டும் அடர்ந்த புதரிலோ பாறைச் சரிவிலோ புல்மேட்டிலோ சுமார் இரண்டு மாதம் குட்டிகளை ஒளித்துவைக்கும். தொந்தரவு வந்தால் குட்டிகளை வாயில் கவ்வி வேறு இடத்துக்கு மாற்றிவிடும். எனவே ஆங்கிலப் பத்தி ஆண்புலியின் லேரைப் பற்றிப் பேசினால் 'புலி படுக்கும் இடம்' அல்லது 'புலியின் படுக்கை' என்று எழுதுவதே உண்மைக்கு அருகில் இருக்கும். குட்டிகளோடு இருக்கும் பெண்புலி என்றால் 'குட்டிகளை வைத்திருக்கும் மறைவு' போதும். சுந்தரவனச் சதுப்பு நிலத்துப் புலிக்கு யாராவது 'குகை' என்று எழுதினால் அந்த வரி பொய்யாகிவிடும். அங்கே குகை அமைய மலையே இல்லை.

கரடிக்குக் கதை வேறு. நம் காடுகளின் தேன்கரடி பாறைக் குகைகளில் பகலைக் கழிக்கும், அங்கேயே குட்டி போடும். இதற்குக் 'குகை' என்றால் யாரும் குறை சொல்ல முடியாது. மதுரை, தேனிப் பக்கத்துப் பேச்சு நடையில் எழுதுபவர் 'புடவு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். பாறைக்கு அடியில் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு உள்ள ஒதுக்கிடத்துக்கு அது குகையைவிடத் துல்லியமான சொல்.

தோண்டும் விலங்குகளுக்கு 'வளை'. முள்ளம்பன்றி, எறும்புதின்னி, நரி, எலி, நண்டு எல்லாம் வளையில் அடங்கும். 'எலி வளையானாலும் தனி வளை' என்ற பழமொழி இந்தச் சொல்லின் பொருளைச் சரியாகப் பிடித்திருக்கிறது: சொந்தமாகத் தோண்டியது, உள்ளே நுழையலாம், வெளியே வேறு வாசலும் இருக்கலாம். வளைக்கு எதிர்முனை 'பொந்து'. பொந்து தோண்டப்பட்டதாக இருக்க வேண்டியதில்லை. மரத்திலோ பாறையிலோ சுவரிலோ இருக்கும் வெற்றிடம் அது. ஆந்தைக்கும் கிளிக்கும் மரப்பொந்து. பாரதி அக்கினிக் குஞ்சை வைத்ததும் காட்டிலோர் பொந்தில்தான். உடும்பு மட்டும் இரண்டிலும் இருக்கும், ஆகவே மூலத்தில் மரமா தரையா என்று பார்த்து எழுத வேண்டும்.

'புற்று' கரையானுடையது. பாம்பு அதில் குடியேறும் விலங்கு. கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதையை எல்லோரும் அறிவோம். ஆனாலும் பாலைவனத்திலோ ஐரோப்பாவிலோ வாழும் பாம்பின் லேரைப் 'புற்று' என்றால் அங்கே இல்லாத கரையான் மண்மேடு கண்முன் வரும். அங்கே 'வளை' என்றோ 'பாறை இடுக்கு' என்றோ எழுதுவதே பாதுகாப்பு.

அதிகம் சறுக்குவது முயலில். ஐரோப்பியக் குழிமுயல் நிலத்தடியில் கூட்டமாக வளை தோண்டி வாழும். நம் ஊர்க் காட்டு முயல் தோண்டுவதே இல்லை. புல்லை உடம்பால் அமுக்கி, தன் முதுகு அளவுக்கு ஒரு பள்ளத்தில் படுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் விலங்கின் பெயரும் வேறு, இருப்பிடத்தின் பெயரும் வேறு. தமிழில் இரண்டுமே 'முயல்' என்பதால், இருப்பிடச் சொல்தான் வேறுபாட்டைச் சுமக்க வேண்டும். முன்னதற்கு முயல் வளை, பின்னதற்கு முயல் படுக்கை. இதை மாற்றி எழுதினால் விலங்கே மாறிப்போகும்.

காட்டுப்பன்றி புல்லையும் கிளைகளையும் குவித்துப் படுக்கும். அதற்குப் 'பன்றி படுத்த புதர்' என்று இரண்டு மூன்று சொல்லில் எழுதத் தயங்க வேண்டாம். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் வந்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் இங்கே உதவாது.

ஒரு தனி எச்சரிக்கை: 'வாழிடம்' என்ற சொல்லை லேருக்குப் போடாதீர்கள். சூழலியல் எழுத்தில் அது ஓர் உயிரினம் வாழும் நிலப்பரப்பு முழுவதையும் குறிக்கும் கலைச்சொல்லாக நிலைபெற்றுவிட்டது. 'புலியின் வாழிடம் அழிகிறது' என்றால் காடே அழிகிறது என்று பொருள். ஒரு புதர் வெட்டப்பட்டதைச் சொல்ல அந்தச் சொல் வந்தால் கட்டுரையின் கணக்கே கெட்டுவிடும்.

பனிக்குள் ஒரு லேர்

'லேர்' அறிவியல் கலைச்சொல்லாகவே வழங்கும் இடம் ஒன்று உண்டு. வடதுருவக் கடலில் வாழும் வளையக் கடல்நாய் (உடலில் வளைய வடிவ அடையாளங்கள் உள்ள இனம்) உறைந்த கடற்பரப்பில் மூச்சுத்துளைகளை முன்துடுப்பு நகங்களால் சுரண்டிச் சுரண்டித் திறந்தே வைத்திருக்கும். அந்தத் துளைக்கு மேல் பனி குவிந்ததும், கீழிருந்து ஏறிவந்து பனிக்குள் ஓர் அறையைக் குடையும். குட்டி பிறப்பது அந்த அறையில்தான். பிறக்கும்போது குட்டி நாலைந்து கிலோதான் இருக்கும். வெளிக்குளிரிலிருந்தும் பனிக்கரடியின் மோப்பத்திலிருந்தும் அதைக் காப்பது மேலே மூடியுள்ள பனிதான். குடைவதற்குச் சுமார் அரை மீட்டர் ஆழமாவது பனி குவிந்திருக்க வேண்டும். குளிர்காலம் மெலிந்தால் கூரை இடிந்து குட்டி வெளியில் கிடக்கும். பின்லாந்தின் சைமா ஏரியில் வாழும் கிளையினத்துக்காக, பனி போதாத ஆண்டுகளில் தன்னார்வலர்கள் மண்வாரியால் பனியைக் குவித்துக் கொடுக்கிறார்கள்.

இதற்கு எந்தச் சொல்? 'பனிக்குகை' அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அமர்நாத் யாத்திரைச் செய்திகளில் பழகிய சொல் அது. மனிதர் நடந்துபோகும் பெரிய குகையைத்தான் வாசகர் நினைப்பார். 'பனிக்கூடு' பறவையை நினைவூட்டும். விலங்கு தானே குடைந்தது, அடியில் நுழைவாயில் உள்ளது என்ற இரண்டு செய்திகளையும் ஏந்துவது 'பனி வளை'. முதல்முறை வரும்போது 'பனிக்குவியலுக்குள் குடைந்த வளை' என்று விரித்து எழுதி, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். 'பனி' என்றால் மார்கழிப் பனிதான் பலருக்கு முதலில் தோன்றும், அதனால் இந்த விரிவு தேவை. கட்டுரையில் ஈனும் லேர், ஓய்வெடுக்கும் லேர் என்று இரு வகை வந்தால் 'ஈனும் வளை', 'ஓய்வு வளை' என்று பிரித்துவிடுங்கள். இரண்டையும் ஒன்றாக்கினால் எண்ணிக்கை பற்றிய வரிகள் பொருளிழக்கும்.

பழைய சொற்களை எடுக்கலாமா?

இலக்கிய நடையில் பெயர்ப்பவருக்குக் குகையைக் குறிக்கும் பழஞ்சொற்களான அளையும் முழையும் ஆசை காட்டும். காவற்பெண்டு பாடிய புறநானூற்றுப் பாடலில் (86) மகன் எங்கே என்று கேட்டவருக்குத் தாய் தன் வயிற்றைக் காட்டி, 'புலி சேர்ந்து போகிய கல்லளை போல' என்கிறாள். சேர்ந்து, போகிய என்ற இரண்டு வினைகளில் புலியின் இயல்பு முழுவதும் இருக்கிறது. வந்து தங்கும், போய்விடும், இடம் காலியாகக் கிடக்கும். லேர் என்ற சொல்லுக்கு இதைவிட நெருங்கிய தமிழ் ஆட்சி எனக்குத் தெரியவில்லை. ஆனால் இன்று 'அளை' தனியாக நின்றால் கையால் அளைவதாகத்தான் படிப்பார்கள். 'கல்லளை' என்று கூட்டுச்சொல்லாகவே எழுதினால் பாறையும் துணைக்கு வந்து பொருள் விளங்கும்.

முழைக்கு அந்தச் சிக்கல் குறைவு. திருப்பாவையின் 'மாரி மலை முழைஞ்சில் மன்னிக் கிடந்துறங்கும் சீரிய சிங்கம்' ஒவ்வொரு மார்கழியிலும் காதில் விழுகிறது. ஆண்டாளும் கிடத்தலைச் சேர்த்தே சொல்கிறாள் என்பதைக் கவனியுங்கள். வீரகதை, புராண நடை, மிகுபுனைவில் வரும் டிராகன் ஆகியவற்றுக்கு 'மலைமுழை' நன்றாகப் பொருந்தும். சிறுவர் படப் புத்தகத்துக்கு வேண்டாம். ஐந்து வயதுக் குழந்தைக்குக் 'குகை' போதும், அங்கே துல்லியத்தைவிட உடனே புரிவது முக்கியம்.

'கெபி' இன்னொரு வகை. தமிழ் விவிலியத்தில் தானியேல் போடப்பட்டது சிங்கங்களின் கெபியில். கோயிலை வணிகர்கள் ஆக்கியது 'கள்ளர் குகை'. பழைய ஆங்கில விவிலியத்தில் இரண்டு இடத்திலும் 'டென்' என்ற ஒரே சொல். தமிழ் பிரித்ததே மூலத்துக்கு நெருக்கம்: தானியேல் நூலின் அராமைச் சொல் குழியைக் குறிக்கிறது, நற்செய்தியின் கிரேக்கச் சொல் குகையைக் குறிக்கிறது. ஆனால் கத்தோலிக்கர் வழக்கில் கெபி என்றால் இன்று மாதா கெபிதான் (மாதா சிலை வைத்த, குகை போன்ற சிறு கட்டுமானம்). ஆகவே விவிலியக் குறிப்பு உள்ள வரியில் கெபியை விடாமல் வையுங்கள், வேறெங்கும் கொண்டுவர வேண்டாம்.

மனிதர்கள் ஒளியும் லேர்

கொள்ளையர், கடத்தல்காரர், படத்தின் வில்லன் என்று வந்தால் போட்டி வேறு சொற்களுக்குள். நாளிதழ் நடையில் 'கூடாரம்' ஓங்கி நிற்கிறது. 'சமூக விரோதிகளின் கூடாரமாக மாறிய கட்டடம்' என்ற தொடரைப் படிக்காதவர் இல்லை. அது ஆட்கள் கூடும் இடத்தைச் சொல்கிறது, ஒளிந்திருப்பதைச் சொல்லவில்லை. ஒளிதல் முக்கியமானால் 'பதுங்குமிடம்'. வில்லன் தன் கருவிகளோடும் அடியாட்களோடும் ஆட்சி செய்யும் இடமானால் 'பாசறை' அல்லது 'கோட்டை'. ஒளிதலையும் அதிகாரத்தையும் ஆங்கிலச் சொல் ஒருங்கே தருகிறது. தமிழில் காட்சிக்கு எது தேவையோ அதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நாயகன் தேடிக் கண்டுபிடிக்கும் காட்சியில் பதுங்குமிடம், உள்ளே நுழைந்து மோதும் காட்சியில் கோட்டை என்று மாற்றினாலும் தவறில்லை. ஆனால் விளையாட்டில் வரைபடத்தில் ஒரு பெயரும் கட்டளையில் இன்னொரு பெயரும் வந்தால் ஆடுபவர் வழி தவறுவார். அங்கே ஒரே சொல்லைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும்.

'பதுங்கு குழி' மட்டும் கூடாது. அது குண்டுவீச்சிலிருந்து தப்ப வெட்டிய குழி. ஈழத்து வாசகருக்கு அந்தச் சொல் போர்க்கால வாழ்வின் நினைவு. அதைக் கேலிச்சித்திர வில்லனுக்குச் சூட்டுவது காயப்படுத்தும்.

வசன வரியில் இட நெருக்கடி உண்டு. 'பதுங்குமிடத்திற்குள்' என்று எழுதினால் வரியில் பாதி போய்விடும். விலங்கைப் பற்றிய உவமை வெளிப்படையாக இருந்தால் 'சிங்கத்தின் குகைக்கே வந்துட்டான்' என்பது பேச்சுக்கும் ஒட்டும், வாசிக்கவும் எளிது. உவமையில் குகை பொய்யாகாது. அது தமிழில் ஏற்கெனவே உள்ள படிமம்.

இறைச்சிக்கூடத்தில்

இதிலிருந்து பிறந்த 'லேரேஜ்' என்ற சொல், அறுப்பதற்கு முன் கால்நடைகளை நிறுத்திவைக்கும் இடத்தைக் குறிக்கிறது. 2001-ஆம் ஆண்டு இந்திய இறைச்சிக்கூட விதிகளில் இது வருகிறது. மருத்துவச் சோதனை முடிந்த விலங்கு அறுப்புக்கு முன் 24 மணி நேரம் அங்கே ஓய்வெடுக்க வேண்டும். அடைப்பில் பெரிய விலங்குக்கு 2.8 சதுர மீட்டரும் சிறியதற்கு 1.6 சதுர மீட்டரும் குறையாமல் இடம் வேண்டும். பயண அயர்வோடு அறுத்தால் விலங்குக்கும் வதை, இறைச்சியின் தரமும் கெடும்.

சொல்லமைப்பில் இதற்கு இரட்டைப் பிறவி போன்றது நம் 'கிடை'. அதுவும் கிடத்தலில் பிறந்து மந்தை தங்கும் இடத்தைக் குறிக்கிறது. நோயில் விழுந்தவரும் 'கிடையில்' கிடப்பார். பழைய ஆங்கிலச் சொல்லின் இரண்டு பொருளும் இதில் இருப்பது வியப்பளிக்கிறது. ஆனால் விதிமுறையைப் பெயர்க்கும்போது கிடையை எடுக்கக் கூடாது என்பதே என் தீர்ப்பு. ஆடு மேய்ப்பவர்களான கீதாரிகள் போடும் கிடை வயலில், திறந்த வெளியில், நிலத்துக்கு எரு சேர்ப்பதற்காக. அதற்குக் கூரையும் தரையும் சதுர மீட்டரும் இல்லை. ஆட்டுத்தொட்டி ஊழியருக்கும் ஆய்வாளருக்கும் விளங்க 'ஓய்வுக் கொட்டில்' என்று எழுதுங்கள். கொட்டில் கட்டடத்தைச் சொல்லும், ஓய்வு நோக்கத்தைச் சொல்லும். 'அடைப்பு' என்று மட்டும் எழுதினால் 24 மணி நேர ஓய்வு என்ற கடமை சொல்லிலிருந்து நழுவிவிடும்.

ஸ்காட்லாந்துப் படிவத்தில்

அங்கே லேர் என்றால் கல்லறைத் தோட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்ட மனை. படுக்கை, புதைகுழி என்ற பழம்பொருள் அங்கே அப்படியே உயிரோடிருக்கிறது. தமிழுக்கும் இந்த நகர்வு புதிதல்ல: படுக்கையைக் குறிக்கும் 'பள்ளி'யிலிருந்துதான், இறந்த அரசரை அடக்கிய இடத்தில் எழுப்பும் கோயிலைச் சுட்டும் சோழர் காலப் 'பள்ளிப்படை' வந்தது. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பத்துக்கு ஒரு லேர் சான்றிதழைப் பெயர்த்துக் கொடுக்க நேர்ந்தால் மூன்று சொற்கள் முன்வரும். 'கல்லறை' என்றால் ஏற்கெனவே யாரோ அடக்கம் செய்யப்பட்டதுபோல் தொனிக்கும். லேரை ஆள் உயிரோடிருக்கும்போதே வாங்கலாம். 'புதைகுழி' ஒருமுறை வெட்டி மூடுவது. லேரோ ஒன்றன்மேல் ஒன்றாகப் பல சவப்பெட்டிகளுக்கு இடம் தருவது. 'கல்லறை மனை' இரண்டு குறையையும் தவிர்க்கிறது. ஆனால் மனை என்றதும் பத்திரம், பட்டா என்று சொந்த நிலமாக எண்ணிவிடக்கூடும். வாங்குவது நிலத்தை அல்ல, அங்கே அடக்கம் செய்யும் தனியுரிமையை. எனவே சான்றிதழின் தலைப்பில் 'கல்லறை மனை – அடக்க உரிமைச் சான்று' என்று இரண்டையும் சேர்த்து எழுதுவது நல்லது. லேருக்குக் கட்டும் தொகை வேறு, அடக்கம் செய்யும் நாளில் குழி தோண்டக் கட்டும் தொகை வேறு என்பதால், கட்டண வரிகளிலும் 'மனைக் கட்டணம்', 'அடக்கக் கட்டணம்' என்று பிரித்தே எழுத வேண்டும்.

ஒரே எழுத்து, வேறு சொல்

ஸ்காட்லாந்து நடையிலேயே சேறு என்று பொருள்படும் இன்னொரு லேர் உண்டு. மாடு சேற்றில் சிக்குவதைச் சொல்லும் வினையாகவும் வரும். இது பழைய நோர்ஸ் மொழியின் களிமண் சொல்லிலிருந்து வந்தது. ஷெட்லாந்துத் தீவுகளின் தலைநகர் லெர்விக்கின் பெயரில் இருப்பதும் அந்தச் சேறுதான். மழை, கால்நடை, ஈரநிலம் அருகில் இருந்து, லேர் வினையாக நின்றால் 'புதைந்தது', 'சேற்றில் மாட்டியது' என்று எழுதுங்கள்.

ஆஸ்திரேலியாவில் லேர் ஓர் ஆள். பளபளவென்று உடுத்திக்கொண்டு தெருவில் அலட்டித் திரியும் இளைஞன். விலங்கின் இருப்பிடத்தோடு அதற்கு உறவில்லை. பழைய கதையானால் 'மைனர்' கச்சிதமாக உட்காரும், தங்கச் சங்கிலியும் செண்டு வாசனையும் கூடவே வரும். இன்றைய பேச்சுக்குப் 'பந்தா பார்ட்டி' அல்லது 'அலட்டல் பேர்வழி'. வசைச்சொல்லோடு சேர்ந்து வந்தால் எரிச்சல் கூடுகிறது. அப்போது மைனரில் உள்ள மெல்லிய ரசனை பொருந்தாது, 'அலட்டல்' என்பதையே வைத்துக்கொள்ளுங்கள். அடையாளம் காண்பது எளிது: வாக்கியத்தில் லேர் நடக்கும், உடுத்தும், வண்டி ஓட்டும்.